தக்கலையில் இருந்துகொண்டே எழுத்து வேலைக்குப் புதிய கிளையண்டுகள் கிடைப்பார்களா?

தக்கலைக்குப் பக்கத்தில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மூன்று வருடமாக, சென்னையில் உள்ள ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிக்கு வீட்டில் இருந்தபடியே எழுதிக் கொடுத்து வந்தாராம். மாதம் இருபது கட்டுரை. இப்போது ஏஐ வைத்தே எழுதிக்கொள்கிறோம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் எழுத வரும். வேறு கிளையண்டுகளை எங்கே தேடுவது, குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டே முடியுமா, சென்னைக்கோ பெங்களூருக்கோ போயாக வேண்டுமா என்பது அவர் கேள்வி.

முடியும். நாகர்கோவிலில் இருந்துகொண்டு பதினான்கு வருடமாக எழுதித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், உங்கள் கையை விட்டுப் போனது எந்த மாதிரி வேலை என்று பாருங்கள். வெயில் காலத்தில் சருமத்தை எப்படிப் பாதுகாப்பது, வீட்டுக் கடன் வாங்கும் முன் என்னென்ன கவனிக்க வேண்டும் என்கிற வகைக் கட்டுரைகளாகத்தான் பெரும்பாலும் இருந்திருக்கும். இணையத்தில் ஏற்கெனவே கிடப்பதைத் திரட்டி வேறு வார்த்தைகளில் எழுதித் தருகிற வேலை. அது போனது போனதுதான். அதே மாதிரி இன்னொரு ஏஜென்சியைத் தேடிப் பிடித்தால், ஆறு மாதம் கழித்து இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். இன்றைக்கும் காசு கொடுத்து எழுதி வாங்க ஆள் இருப்பது, இணையத்தில் இல்லாத விஷயத்தை நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, சரிபார்த்து எழுதித் தருகிறவரிடம்தான். நம்முடைய மாவட்டத்தில் அப்படிப்பட்ட விஷயங்கள் காலடியில் கிடக்கின்றன.

எனக்கு இது புரிந்தது ஒரு தேன் பாட்டிலில். மார்த்தாண்டம் பக்கத்தில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கும் ஒருவர், லேபிளுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார். அவர் ஒட்டியிருந்த லேபிளில் 'நூறு சதவீதம் சுத்தமான இயற்கைத் தேன்' என்று இருந்தது. கடையில் உள்ள அத்தனை பாட்டிலிலும் அதுதான் இருக்கிறது. நானும் அதையே வேறு மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கியிருக்கலாம். ஆனால் பெட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு பிப்ரவரி மாதக் காலை, குலசேகரம் பக்கத்தில் அவர் பெட்டி வைத்திருந்த ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். 'ரப்பர் பூவில் இவ்வளவு தேன் இருக்குமா?' என்று கேட்டேன். 'பூவுல இல்ல மக்ளே, இங்க பாருங்க' என்று ஒரு கொப்பை வளைத்துக் காட்டினார். ரப்பரில் ஒரு காம்பில் மூன்று இலை. மூன்றும் சேருகிற இடத்தில், காம்பின் நுனியில், ஊசி முனை அளவுக்கு ஈரம் மின்னியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், இனித்தது. மரம் இலை உதிர்த்துப் புதுசாகத் துளிர்க்கும் தை, மாசி மாதங்களில் இந்தக் காம்பில் சுரப்பதைத்தான் தேனீ எடுக்கிறது. மார்த்தாண்டம் தேனில் பெரும் பங்கு வருவது இந்த ரப்பர் துளிரில் இருந்துதான்.

அன்றைக்கு அவர் இன்னொன்றையும் சொன்னார். ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். பாட்டிலின் அடியில் வெள்ளையாகக் கட்டியானதும் வாங்கினவர்கள் போன் போட்டு, சர்க்கரைப் பாகு கலந்துவிட்டாய் என்று சண்டைக்கு வருகிறார்களாம். தேனில் இருக்கும் குளுக்கோஸ் தானாகப் படிகமாவதுதான் அது. இளஞ்சூடான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் இளகிவிடும். இந்த இரண்டு விஷயத்தை மட்டும் வைத்து, பாட்டிலின் கழுத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு சின்ன மடிப்புத் தாள் எழுதிக் கொடுத்தேன். இலைக்காம்பில் இருந்து தேன் வரும் கதை ஒரு பக்கம், உறைந்தால் என்ன செய்வது என்பது மறுபக்கம். அதற்கு வாங்கியது 3,500 ரூபாய். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மாறாமலைப் பக்கத்துக் கிராம்புத் தோட்டக்காரர் ஒருவர் கூப்பிட்டார். வடசேரியில் கோவில் நகை செய்கிற குடும்பம் ஒன்று கூப்பிட்டது. நான் யாரையும் தேடிப் போகவில்லை, அந்தத் தாள் போயிருக்கிறது.

ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, நாகர்கோவில் கோவில் நகை, கன்னியாகுமரி கிராம்பு, மார்த்தாண்டம் தேன், 2023-இல் மட்டி வாழைப்பழம், 2025-இல் தோவாளை மாணிக்க மாலை என்று வரிசையாகப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். குறியீடு வந்துவிட்டது, அதை வாங்குகிறவரிடம் எடுத்துச் சொல்கிற எழுத்து வரவில்லை. மட்டிப் பழத்தைக் குழந்தைக்கு ஏன் கொடுக்கிறோம் என்பது நம் வீட்டு அம்மாக்களுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் அந்தப் பழத்தை வாங்குகிறவருக்கு யார் சொல்வது? இங்கே நான் பார்த்த சிறு உற்பத்தியாளர்களில் பலர் வாட்சாப் ஸ்டேட்டஸில் பூப்படம் போட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு எழுத்தாளர் என்று ஒருவர் தேவை என்பதே தெரியாது. விளம்பரம் கொடுத்து உங்களைத் தேட மாட்டார்கள். நீங்கள்தான் போக வேண்டும். போகும்போது 'கன்டென்ட் ரைட்டிங் செய்கிறேன்' என்று சொல்லாதீர்கள், அவர்களுக்குப் புரியாது. 'உங்க பாட்டில் லேபிளப் பாத்தேன், இதுல ஒரு விஷயம் விட்டுப் போயிருக்கு' என்று பேச்சை ஆரம்பியுங்கள்.

அடுத்து பிரஸ். பத்து ஆன்லைன் தளங்களை விட நாகர்கோவிலில், மார்த்தாண்டத்தில் உள்ள ஒரு நல்ல அச்சக உரிமையாளர் உங்களுக்குப் பெரிய துணை. நான் மனதாரச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் வருடம் தவறாமல் ஏதாவது ஒரு ஊரில் தேவாலய நூற்றாண்டு, பள்ளிக்கூடப் பொன்விழா, ஊர்ச் சங்கத்தின் வெள்ளிவிழா நடக்கும். அதற்கெல்லாம் சிறப்பு மலர் அச்சடிப்பார்கள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்கள் வாழ்க்கை வரலாறு அச்சடிக்கிறார்கள். வளைகுடா நாட்டில் இருக்கிற பிள்ளைகள் அப்பாவின் முதலாண்டு நினைவுக்குக் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போட ஆசைப்படுகிறார்கள். இவ்வளவும் முதலில் வந்து விழுவது பிரஸ் அண்ணாச்சியின் மேசையில்தான்.

விழுகிற நிலையைப் பார்த்தால் உங்களுக்குப் பாவமாக இருக்கும். பாதி கையெழுத்து, பாதி வாட்சாப்பில் எடுத்த போட்டோ, மிச்சம் பத்து வருடத்துக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல். திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். ஆயரின் ஆசியுரை வந்திருக்கும், ஊர் வரலாறு வந்திருக்காது. பங்குத்தந்தையர் பட்டியலில் ஒருவர் இரண்டு இடத்தில் இருப்பார். விழாவுக்குப் பதினைந்து நாள்தான் இருக்கும். டிடிபி செய்கிற பிள்ளை மூன்று தடவை ப்ரூஃப் எடுத்துச் சலித்துப் போயிருப்பார். அந்த நேரத்தில், மொத்தத்தையும் யூனிகோடுக்கு மாற்றி, சரிபார்த்து, விட்டுப் போனதை எழுதி ஒரே ஃபைலாகத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் அண்ணாச்சி விடவே மாட்டார்.

ஒரு கடலோர ஊரின் பங்குக்கு நான் நூற்றாண்டு மலர் செய்தேன். மலர்க் குழு கொடுத்த வரலாறு இரண்டு பக்கம், அத்தனையும் ஆண்டும் பெயரும். ஊரில் நான்கு நாள் இருந்தேன். அடிக்கல்லில் இருந்த ஆண்டு ஒன்று, ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்து தெரிந்த ஆண்டு வேறு. கோயில் கட்டும் முன்பே ஓலைக் கொட்டகையில் பூசை நடந்திருக்கிறது, அதுதான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. மீன் குத்தகைப் பணத்தில் எவ்வளவு கோயிலுக்குப் போனது என்று எழுதிய ஒரு பழைய நோட்டு கிடைத்தது. எண்பது வயது தாண்டிய ஒரு அம்மா, சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தன் தாயோடு கடவத்தில், அதாவது ஓலைப் பெட்டியில், மணல் சுமந்ததைச் சொன்னார். சந்தைக்கு மீன் கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து, இருட்டின பிறகு வரிசையாகப் பெண்கள் சுமப்பார்களாம். ஒரு நடைக்கு ஒரு செபமாலைப் பத்து முடியும் என்றார். மலர் வெளியான அன்று அந்தப் பக்கத்தைத்தான் ஊரே சுற்றி நின்று வாசித்தது. அந்த அம்மாவின் பேரன் வளைகுடாவில் இருந்து போன் செய்து, தன் குடும்ப வரலாற்றை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அந்த மலர் வழியாக மட்டும் அடுத்த இரண்டு வருடத்தில் நான்கு வேலை வந்தது.

மலர் வேலைக்குப் போகும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். குழுவில் பத்துப் பேர் இருப்பார்கள், பத்துப் பேரும் திருத்தம் சொல்வார்கள். திருத்தம் ஒருவர் மூலமாகத்தான் வர வேண்டும், இரண்டு சுற்றுக்கு மேல் என்றால் தனிக் கட்டணம் என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் குடும்பத்தின் பெயர் முதலில் வர வேண்டும் என்கிற பேச்சில் தலையிட வேண்டாம். அதைக் குழுவே முடிவு செய்து தரட்டும்.

உங்களுக்கு மலையாளம் எழுத வரும் என்றீர்கள். அதை நீங்கள் குறைவாக மதிப்பிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தன. அதற்கு முந்தைய பிரமாணங்களில், அதாவது சொத்துப் பத்திரங்களில், பல மலையாளத்தில் இருக்கின்றன. சொத்து வழக்கு வந்தால் அந்த மூலப் பத்திரம் தமிழிலோ ஆங்கிலத்திலோ வேண்டும். பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், நாகர்கோவில் நீதிமன்றங்களில் சிவில் வழக்கு பார்க்கிற வக்கீல்களிடம் கேட்டுப் பாருங்கள், பழைய மலையாளக் கையெழுத்தை வாசித்து மொழிபெயர்க்கிற ஆட்கள் வயதாகிக் குறைந்து வருவதைச் சொல்வார்கள். வங்கிக் கடனுக்குச் சட்டக் கருத்து எழுதுகிற வக்கீல்களுக்கும் இது தேவை.

இதற்குக் கொஞ்சம் படிப்பு வேண்டும். தேதி கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். 1110 என்று இருந்தால் அது 1934-35. ஒற்றி, ஜென்மம், பண்டாரவகைப் பாட்டம் போன்ற சொற்களை இன்றைய அகராதி பார்த்து மொழிபெயர்த்தால் வழக்கே தடம் மாறிவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தக் காலத்து நில உரிமையில் என்ன பொருள் என்று ஒரு மூத்த வக்கீலிடமோ பத்திர எழுத்தரிடமோ கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். வாசிக்க முடியாத எழுத்து வந்தால் ஊகித்து எழுதாதீர்கள், 'இந்த இடம் தெளிவாக இல்லை' என்று அடைப்புக்குறிக்குள் குறித்துக் கொடுங்கள். அந்த நேர்மைக்காகவே உங்களிடம் திரும்பி வருவார்கள். மொழிபெயர்ப்போடு என்ன மாதிரிச் சான்று வேண்டும் என்பதையும் வக்கீலிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே வழியில் இன்னொரு வேலை, ஒலிப்பதிவை எழுத்தாக்குவது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு நம் கடற்கரைக்கு ஆராய்ச்சியாளர்களும் தொண்டு நிறுவனங்களும் நிறையப் பேர் வந்தார்கள். மீனவர்களிடம் மணிக்கணக்கில் பேட்டி எடுத்தார்கள். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர் ஒருவர் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அவருடைய பேச்சில் சொல்வதை எந்த மென்பொருளும் ஒழுங்காக எழுத்தாக்குவதை நான் இன்னும் பார்க்கவில்லை. கடற்கரை ஆய்வு செய்கிற பல்கலைக்கழகத் துறைகளுக்கு, 'குமரிக் கடற்கரைப் பேச்சைத் தமிழில் எழுத்தாக்கி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தருகிறேன்' என்று ஒரு மெயில் போட்டு வையுங்கள். ஒலிப்பதிவின் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசுவது இந்த வேலையில் வழக்கம். பதில் உடனே வராது. அடுத்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும்போது உங்கள் பெயர் ஞாபகம் வரும்.

சரி, முன்பின் தெரியாதவருக்கு எப்படி எழுதுவது? கன்னியாகுமரியில் உள்ள விடுதிகளை எடுத்துக்கொள்வோம். சபரிமலை சீசன் கார்த்திகை ஒன்றாம் தேதி, அதாவது நவம்பர் நடுவில் ஆரம்பித்து ஜனவரி வரை போகும். அந்த நேரத்தில் அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதனால் ஆகஸ்ட், செப்டம்பரில் எழுத வேண்டும். நான் ஒரு விடுதிக்கு அனுப்பியதை அப்படியே தருகிறேன்.

'வணக்கம் சார். உங்கள் விடுதியின் இணையதளத்தைப் பார்த்தேன். அருகில் பார்க்க வேண்டிய இடங்கள் என்ற பக்கத்தில் விவேகானந்தர் பாறையும் திருவள்ளுவர் சிலையும் இருக்கின்றன. இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் இல்லை. வருகிறவர்கள் இப்போது முதலில் கேட்பது அதைத்தான். அந்தப் பக்கத்தைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் புதிதாக எழுதித் தர முடியும். முதல் இரண்டு பத்தியை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மூன்று மொழிக்கும் சேர்த்து 9,000 ரூபாய், ஒரு வாரத்தில் முடிப்பேன். வேண்டாம் என்றாலும் அந்த இரண்டு பத்தியை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். புதன்கிழமை கன்னியாகுமரி வருகிறேன். பத்து நிமிடம் பார்க்க முடியுமா?'

இதில் என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை வருட அனுபவம், என்ன படிப்பு என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். அவருடைய பக்கத்தை நான் உண்மையிலேயே வாசித்திருக்கிறேன் என்பது முதல் இரண்டு வரியில் தெரிந்துவிட்டது. விலையும் நாளும் தெளிவாக இருக்கிறது. நேரில் பார்க்க ஒரு கிழமை சொல்லியிருக்கிறேன். பதில் இல்லாவிட்டால் ஏழாம் நாள் ஒரு தடவை, மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை நினைவூட்டுவேன், அதோடு விட்டுவிடுவேன். யாருக்கு என்றைக்கு எழுதினேன், என்ன சொன்னார் என்பதை ஒரு நோட்டில் வைத்திருக்கிறேன். வாரம் பத்து மெயில் என்று கணக்கு. ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்புவதை விட, பத்துப் பேரின் பக்கத்தை வாசித்துப் பத்து விதமாக எழுதுவதுதான் எனக்குப் பலன் தந்தது.

ஃப்ரீலான்ஸ் வேலை தேடுகிற அப்வொர்க், ஃபைவர் மாதிரித் தளங்களைப் பற்றிக் கேட்பீர்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை விலை வைக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக 'கட்டுரை எழுதித் தருவேன்' என்று போட்டால் உலகம் முழுக்க உள்ள கூட்டத்தில் காணாமல் போவீர்கள். 'மலையாளத்தில் இருந்து தமிழ்', 'தமிழ் ஒலிப்பதிவை எழுத்தாக்குதல்' என்று குறுக்கிப் போட்டால் தேடி வருகிறவர் குறைவு, ஆனால் வருகிறவர் பேரம் பேசாமல் வருவார். லிங்க்ட்இனில் உங்கள் பெயருக்குக் கீழே 'ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்' என்று மட்டும் போடாமல் இந்த இரண்டு மூன்று வேலையையும் பெயர் சொல்லிப் போடுங்கள். இதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடப் போகிறீர்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சென்னை ஏஜென்சியில் மூன்று வருடம் உங்களோடு பேசியவர்கள் யார் யார்? அங்கிருந்து வேறு கம்பெனிக்குப் போனவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் எழுத்து தெரியும், சொன்ன நாளில் தருவீர்கள் என்பதும் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள். 'ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க' என்று கேட்டால் அவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. 'தமிழ், மலையாளம் இரண்டும் தேவைப்படுகிற கிளையண்ட் யாராவது உங்களிடம் இருக்கிறார்களா?' என்று கேட்டால் ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும். ஏஜென்சி மேல் வருத்தம் இருந்தாலும் அதை அந்த மெசேஜில் காட்ட வேண்டாம்.

காசு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். தொழில் ஆரம்பித்த நாலாவது வருடம், வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு ஐந்து மாதம் தொடர்ந்து எழுதினேன். அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கையில் எழுத்தாக ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அந்த வருடம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு என் அக்காவிடம் கடன் வாங்கினேன். அதிலிருந்து, முன்பணம் வராமல் நான் வேலையைத் தொடுவதில்லை. சின்ன வேலைக்குப் பாதி முன்பணம். மலர் மாதிரிப் பெரிய வேலைக்கு மூன்று தவணை: ஒப்புக்கொள்ளும்போது ஒன்று, முதல் வரைவு கொடுக்கும்போது ஒன்று, அச்சுக்குப் போகும் முன் கடைசி. அச்சான பிறகு கேட்டால் விழாக் கணக்கு முடியட்டும் என்பார்கள்.

அப்புறம் உதயம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே இலவசமாகச் செய்துகொள்ளலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். பதிவு செய்த குறுந்தொழிலுக்கு, 2006-ஆம் வருடத்துச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். தராதவர்கள் மேல் அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. பில்லின் அடியில் உதயம் எண்ணைப் போட்டாலே பாதிப் பேர் நேரத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள், இது என் அனுபவம். ஒரே நிறுவனம் வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சேவைத் தொழிலுக்கு வருடம் 20 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

எவ்வளவு கேட்பது என்பதற்கு வார்த்தைக் கணக்கை விட்டுவிடுங்கள். ஏஜென்சிக்கு எழுதிய பழக்கத்தில் வார்த்தைக்கு இத்தனை பைசா என்றுதான் மனது போகும். தேன் பாட்டில் தாளில் மொத்தம் நூற்றைம்பது வார்த்தைகூட இல்லை. ஆனால் அதற்காக ஒரு முழு நாள் தோட்டத்தில் இருந்தேன், பஸ்ஸில் போய் வந்தேன், வீட்டுக்கு வந்து எட்டுத் தடவை திருத்தினேன். மாதம் உங்கள் வீட்டுக்கு என்ன வேண்டும், அதில் எத்தனை நாள் உண்மையில் வேலை செய்ய முடியும் என்று பார்த்து ஒரு நாள் கூலியை முடிவு செய்யுங்கள். தேடுவதற்கும் மெயில் போடுவதற்கும் போகிற நாட்களைக் கழித்தால், மாதத்தில் பதினைந்து நாள்தான் காசு தரும் நாளாக இருக்கும். ஒரு வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று பார்த்து அந்தக் கூலியால் பெருக்குங்கள். சொந்தக்காரர், சபைக்காரர், ஊர்க்காரர் என்று குறைக்கச் சொல்வார்கள். குறைத்தால் வேலையின் அளவையும் சேர்த்துக் குறையுங்கள், எட்டுப் பக்கத்தை ஆறாக்குங்கள். அதே வேலையைக் குறைந்த காசுக்குச் செய்தால் அடுத்த ஊர்க்காரரும் அந்த விலையைத்தான் சொல்வார்.

சென்னைக்குப் போக வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த வேலைக்காக என்றால், வேண்டாம். வாடகை கொடுத்து அங்கே இருந்துகொண்டு, இங்கே உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்களில் இருந்து தூரமாகப் போவானேன். போக வேண்டும் என்றால் திருவனந்தபுரம் போங்கள். இரணியலில் ரயில் ஏறினால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் என்கிற ஐடி வளாகம் அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள ஒரு கம்பெனி தன் செயலியையோ இணையதளத்தையோ தமிழில் கொண்டுவர நினைத்தால், அவர்களோடு மலையாளத்தில் பேசி, தமிழில் எழுதித் தருகிற ஒருவர் தேவை. சென்னையில் அப்படி ஒருவரைத் தேடுவது கஷ்டம், உங்கள் தெருவில் நாலு பேர் இருப்பார்கள்.

இந்த வாரமே எங்கே ஆரம்பிப்பது என்றால், நான் பிரமாணத்தில் இருந்து ஆரம்பிப்பேன். பத்மநாபபுரம் நீதிமன்றம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டிலோ மாமா, சித்தப்பா வீட்டிலோ பீரோவில் பழைய பிரமாணம் ஒன்று நிச்சயம் இருக்கும். கேட்டு வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் தமிழாக்கிப் பாருங்கள். அதுதான் வக்கீலிடம் காட்டப் போகிற மாதிரி. சர்வே எண்ணையும் கொல்லம் ஆண்டையும் இரண்டு தடவை சரிபாருங்கள். வாசிக்க முடியாத எழுத்து எங்கெங்கே வருகிறது என்று பென்சிலால் வட்டம் போட்டு எனக்கு அனுப்புங்கள் தங்கச்சி, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.